ஆங்கிலம் கற்பித்த சோசெகி

படைப்பாளர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவருடைய நூல்களைப் பற்றி விரிவாகப் பேசுவர். வயிற்றுப்பாட்டிற்காக அவர் செய்த தொழிலை ஒரு தொடரில் சொல்லிக் கடந்துவிடுவர். ஜப்பானிய நாவலாசிரியர் நத்சுமே சோசெகியின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே சொல்லப்படுகிறது. ‘நான் ஒரு பூனை’, ‘போச்சன்’, ‘கொகொரோ’ முதலிய நாவல்களின் ஆசிரியர் என்று அவரை உலகம் அறியும். 1984 முதல் 2004 வரை ஜப்பான் அரசு வெளியிட்ட ஆயிரம் யென் தாளில் அவருடைய உருவம் இடம்பெற்றிருந்தது. ஆயினும், முதல் நாவலைத் தொடங்கிய முப்பத்தேழாம் வயது வரையில் அவர் ஓர் ஆங்கில ஆசிரியர். அகராதியைப் புரட்டி ஆசிரியரை மடக்கக் காத்திருக்கும் மாணவர், தேர்வில் தவறியோர்க்காக மதிப்பெண் கேட்டு வீட்டு வாயிலில் வந்து நிற்போர், பாடத்தைப் பாராமலே வகுப்பிற்கு வருவோர் என எல்லா ஆசிரியரும் எதிர்கொள்வோரை அவரும் எதிர்கொண்டார்.

மாணவர்களுக்கு முன்போல ஆங்கிலம் வருவதில்லை என்ற குறை அவர் காலத்து ஜப்பானிலும் எழுந்தது. அதற்கு அவர் கண்ட விடை, ஆங்கிலத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடமிருந்து எவரும் எதிர்பாராத விடை. அவ்விடையை அவர் வந்தடைந்த வழியைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு மொழிகளுக்கு நடுவே

1867-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள், பின்னர் டோக்கியோ எனப் பெயர்பெற்ற எதோ நகரில் அவர் பிறந்தார். இயற்பெயர் கின்னொசுகே. பெற்றோர்க்கு வயதான பின் பிறந்த கடைக்குட்டி என்பதால் அவருடைய வருகையை வீட்டில் எவரும் பெரிதும் விரும்பவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே வேறொரு குடும்பத்தில் விடப்பட்டார். பின்னர் மற்றொரு தம்பதியர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். வளர்ப்புப் பெற்றோர் பிரிந்தமையால் ஒன்பது வயதளவில் பிறந்த வீட்டிற்குத் திரும்பினார். சொந்தத் தாய் தந்தையரைத் தாத்தா, பாட்டி என்றே அவர் எண்ணியிருந்தார். உண்மையை ஓர் இரவில் அவர் காதில் சொன்னவர் அவ்வீட்டுப் பணிப்பெண்.

இளமையில் அவர் விரும்பிக் கற்றது சீனச் செவ்விலக்கியம். நமக்கு வடமொழியும் சங்க நூல்களும் எவ்வாறோ, அக்காலத்து ஜப்பானியருக்குச் சீன நூல்கள் அவ்வாறு. ஆங்கிலம் அவருக்குப் பிடிக்கவில்லை. கற்பிக்க முயன்ற அண்ணனோ பொறுமையற்றவர். கற்க வந்த தம்பிக்கோ ஆர்வமில்லை. ஆனால் 1868-இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சியில் மேற்படிப்பின் வாயிற்கதவு ஆங்கிலமாக மாறியிருந்தது. வரலாறு, நிலநூல், கணிதம், உயிரியல் அனைத்திற்கும் ஆங்கிலப் பாடநூல்களே இருந்தன. ஆகவே, தாம் பெரிதும் நேசித்த சீன நூல்களை ஒன்றுவிடாமல் விற்றுவிட்டு ஆங்கிலத்தில் இறங்கினார். அந்த நூல்களைக் கைவிட நேர்ந்த நினைவு, பிற்காலத்தில் அவர் மொழிக்கல்வி பற்றி எழுதியவற்றின் அடியில் ஓடுவதைக் காணலாம்.

‘சோசெகி’ என்ற புனைபெயரும் சீன நூலிலிருந்து வந்ததே. கல்லைத் தலையணையாக்கி, ஓடையில் வாய் கொப்பளித்து வாழப்போவதாகச் சொல்ல வந்த ஒருவன், வாய் தவறி ஓடையைத் தலையணையாக்கிக் கல்லால் வாய் கொப்பளிப்பதாகச் சொல்லிவிட்டான். தவற்றைச் சுட்டியபோதும் ஒப்புக்கொள்ளாமல், காதைக் கழுவ ஓடையும் பல்லைத் தேய்க்கக் கல்லும் வேண்டும் என்று சாதித்தான். பிடிவாதக்காரனைக் குறிக்கும் இத்தொடரையே 1889-இல் அவர் தம் பெயராகச் சூடிக்கொண்டார். அவ்வாண்டில்தான் ஹைக்கூ கவிஞர் மசவோகா ஷிகியின் நட்பும் கிடைத்தது.

1890-இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் சேர்ந்து 1893-இல் பட்டம் பெற்றார். அங்குப் பாடம் சொன்னவர் டிக்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர். ஒலிப்புப் பிழையையும் இலக்கணப் பிழையையும் திருத்துவது, கவிஞர் பிறந்த இறந்த ஆண்டுகளைக் கேட்பது, ஒரு நாவலாசிரியரின் நூல்களைக் கால வரிசையில் எழுதச் சொல்வது என்ற அளவில் அவ்வகுப்புகள் நின்றன. மூன்றாண்டு கற்ற பின்னும் இலக்கியம் என்றால் என்ன என்பது தமக்கு விளங்கவில்லை என்று சோசெகி 1914-இல் நிகழ்த்திய ஓர் உரையில் மனம் திறந்து கூறினார்.

மத்சுயாமாவில் ஓராண்டு

பட்டம் பெற்ற ஆண்டிலேயே டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். அப்பணி மனத்திற்கு ஒவ்வவில்லை. 1895 ஏப்ரலில் தலைநகரை விட்டு ஷிகோக்கு தீவிலுள்ள மத்சுயாமாவிற்குச் சென்று, அங்கிருந்த இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தார். அதற்கு முன் வெளிநாட்டவர் ஒருவர் வகித்த பணி அது. அதனால் மாதம் 80 யென் ஊதியம் கிடைத்தது. தலைமையாசிரியருக்கே 60 யென்தான். இருபத்தெட்டு வயது இளைஞர், அதுவும் வெளியூரார், தலைமையாசிரியரினும் மிகுதியாக ஊதியம் பெற்றால் சிறிய ஊரில் எத்தகைய பேச்சு எழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘ஸ்கெட்ச் புக்’ அங்கு ஆங்கிலப் பாடநூல்களுள் ஒன்று. அமெரிக்க ஆசிரியர் ஒருவர் இங்கிலாந்தின் சிற்றூர்களையும் பழைய தேவாலயங்களையும் பற்றி எழுதிய கட்டுரைகளை, கடல் கடந்தறியாத ஜப்பானியச் சிறுவர்கள் படிக்க வேண்டியிருந்தது. சோசெகி விரைந்து செல்லவில்லை. ஒவ்வொரு சொல்லையும் முன்னொட்டு, பின்னொட்டு எனப் பிரித்து, இலக்கண உறவைக் காட்டி, சில வரிகளிலேயே ஒரு பாடவேளையைக் கழித்தார். பாடநூல் முடியவில்லையே என்று மாணவர் சிலர் முணுமுணுத்தனர். சொல்லின் வேரை முதன்முதலாகக் கண்டதாக வேறு சிலர் மகிழ்ந்தனர்.

அவ்வகுப்பில் மனபெ கஜிரோ என்றொரு மாணவர் இருந்தார். புதிய ஆசிரியரின் புலமையைச் சோதிக்க எண்ணி, அவர் சொன்ன பொருளை அகராதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு இடங்களில் வேறுபாடு இருப்பதை வகுப்பிலேயே எழுந்து சுட்டினார். ஆசிரியர் சிறிதும் தயங்கவில்லை. ஒன்று அச்சுப்பிழை, மற்றொன்று அகராதிக்காரரின் பிழை, இரண்டையும் அகராதியில் திருத்திக்கொள்ளுமாறு சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அன்று முதல் அவ்வகுப்பில் குறும்பு அடங்கிற்று. இதனைப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர் அம்மாணவரே. நம் காலத்தில் பரவியுள்ள வேறொரு கதை இத்தகையதன்று. காதலை வெளிப்படுத்தும் ஓர் ஆங்கிலத் தொடரை நிலவு அழகாக இருக்கிறது என்று மொழிபெயர்க்குமாறு சோசெகி மாணவர்க்குச் சொன்னார் என்பது அக்கதை. அவருடைய எழுத்திலோ அவரிடம் கற்றோர் குறிப்புகளிலோ இதற்குச் சான்று கிடைத்திலது. இனிய கதையாயினும் வரலாறாகக் கொள்ளல் தகாது.

இப்பள்ளி அனுபவம் 1906-இல் ‘போச்சன்’ நாவலாக உருவெடுத்தது. அதன் தலைவன் டோக்கியோவிலிருந்து தொலைதூரப் பள்ளிக்கு வரும் கணித ஆசிரியன். அவன் விரைவாகப் பேசுவது புரியவில்லை, மெல்லப் பேசுங்கள் என்று மாணவர் தங்கள் வட்டார மொழியில் கேட்கின்றனர். மாணவன் ஒருவன் கொண்டுவரும் வடிவியல் கணக்கு அவனுக்குத் தெரியவில்லை; தெரியாது என்று நேர்மையாகச் சொன்னதும் வகுப்பே கூச்சலிடுகிறது. கடையில் அவன் நான்கு கிண்ணம் உணவு உண்டது மறுநாள் கரும்பலகையில் எழுதப்படுகிறது. ஆசிரியப் பணியின் முதலாண்டைக் கடந்த எவரும் இப்பகுதிகளைப் படித்துத் தம்மையே காண்பர். அந்நேர்மையாளன் சோசெகியே என்று வாசகர் பலர் எண்ணினர். சோசெகியோ, அப்பள்ளியில் அக்காலத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் தாம் ஒருவரே. ஆகவே, கதைமாந்தர்க்கு மூலம் தேடினால், பட்டத்தையும் நாகரிகத்தையும் காட்டித் திரியும் ‘சிவப்புச் சட்டை’ என்னும் வஞ்சகனே தாமாக இருக்க வேண்டும் என்று வேடிக்கையாகக் கூறினார். தம்மையே நகைத்துக்கொள்ளும் இப்பண்பு அவருடைய எழுத்தின் உயிர் எனலாம்.

குமாமோட்டோவில் நான்காண்டுகள்

1896 ஏப்ரலில் கியூஷு தீவின் குமாமோட்டோ நகரிலிருந்த ஐந்தாம் உயர்பள்ளிக்கு மாறினார். பல்கலைக்கழகத்திற்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் இவ்வகைப் பள்ளிகளை நம் நாட்டில் முன்பிருந்த இண்டர்மீடியட் வகுப்பிற்கு ஒப்பிடலாம். அவ்வாண்டில் கியோகோ என்னும் பெண்மணியை மணந்தார்.

இங்கு அவர் கற்பித்த முறை வேறு. டி குவின்சியின் உரைநடையைத் தொடர்ந்து உரக்கப் படித்துச் செல்வார். விளங்கிற்றா என்று கேட்பார். விளங்காத இடத்தில் மட்டும் நிற்பார். மத்சுயாமாவில் சொல்லுக்குச் சொல் நின்றவர் இங்குப் பத்தி பத்தியாக நடந்தார். இது முரண்பாடன்று. தொடக்க நிலையினர்க்குச் சொல்லின் கட்டுமானம் வேண்டும். முதிர்ந்த நிலையினர்க்கு மொழியின் ஓட்டம் வேண்டும். விரும்பிய மாணவர்க்காகக் காலை ஏழு மணிக்கே, பாடத்திட்டத்திற்குப் புறம்பாக, ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வையும் நடத்தினார்.

அப்பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுத் தேர்வு முடிந்ததும், தவறியவர்கள் சார்பில் நண்பர் சிலர் ஆசிரியர் வீடு தேடிச் சென்று மதிப்பெண் வேண்டுவர். 1898-இல் அவ்வாறு சோசெகியின் வீட்டிற்குச் சென்றவர் தெராதா தொராஹிகோ என்னும் மாணவர். தவறியவரின் குடும்ப வறுமையை எடுத்துரைத்தார். ஆசிரியர் கடிந்துகொள்ளவுமில்லை, வாக்களிக்கவுமில்லை. இறுதிவரை அமைதியாகக் கேட்டுக்கொண்டார். சொல்ல வந்தது முடிந்தபின், ஹைக்கூ என்பது யாது என்று மாணவர் கேட்டார். விசிறியின் மடிப்புகள் எல்லாம் ஓர் ஆணியில் குவிவதுபோலப் பொருள் ஓரிடத்தில் குவிந்து, அங்கிருந்து விரியும் கவிதை என்னும் கருத்துப்பட ஆசிரியர் விளக்கினார். மதிப்பெண் கேட்க வந்தவர் கவிதையோடு திரும்பினார்; அதன்பின் வாரம் இருமுறை மூன்றுமுறை தம் பாக்களைத் திருத்தத்திற்குக் கொண்டுவரலானார். பிற்காலத்தில் அவர் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞராகவும் கட்டுரையாளராகவும் விளங்கினார். ஆசிரியர்க்குத் தொல்லையாக வரும் ஒரு சந்திப்பு வாழ்நாள் உறவாக மாறியதற்கு இது சான்று.

1897-இல் சாகா, ஃபுகுவோகா மாவட்டங்களின் இடைநிலைப் பள்ளிகளுக்குச் சென்று, ஆங்கில வகுப்புகளில் அமர்ந்து பார்த்து, ஆசிரியர்கள் கற்பிக்கும் முறை குறித்து அறிக்கை எழுதினார். மாணவராக இருந்த 1892-இலேயே இடைநிலைப் பள்ளிகளைச் சீர்திருத்துவது பற்றி ஒரு கட்டுரை வரைந்தவர் அவர். பள்ளி ஆங்கிலத்தின் நிலை என்ன என்பதை வெளியே நின்று ஊகித்தவரல்லர். உள்ளே நின்று கண்டவர்.

இலண்டன்

1900-இல் கல்வி அமைச்சகம் அவரை இங்கிலாந்திற்கு அனுப்பியது. ஆய்வுக்குரிய பொருளாக ஆணையில் இருந்தது ஆங்கில மொழி, இலக்கியம் அன்று. இலக்கியம் படிக்கலாகாதா என்று நேரில் கேட்டு, அவ்வளவு கண்டிப்பில்லை என்பதை அறிந்துகொண்ட பின்னரே புறப்பட்டார். கப்பல் சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு வழியாகச் சென்றது. அக்டோபர்த் தொடக்கத்தில் கொழும்பில் கரையிறங்கிச் சோறும் கறியும் உண்டார். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஆசியத் துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்ட பயணம் அது.

இலண்டனில் ஆண்டுக்கு 1800 யென் உதவித்தொகை போதவில்லை. விடுதி விட்டு விடுதி மாறினார். பல்கலைக்கழகக் கல்லூரி விரைவில் சலித்தது. ஷேக்ஸ்பியர் அறிஞர் கிரெய்க் என்பவரிடம் தனிப்பாடம் கேட்டார். எஞ்சிய பணத்தில் நூல்கள் வாங்கி அறைக்குள் அடைந்துகொண்டார். தனிமை மனநலத்தைக் குலைத்தது. அவர் மனம் பேதலித்துவிட்டார் என்ற செய்தி தாய்நாடு வரை எட்டியது. 1902 செப்டம்பரில் ஷிகி மறைந்தார். நண்பரின் இறுதிக்காலத்தில் அருகிருக்கவும் அவர்க்கு வாய்க்கவில்லை.

ஆயினும் ஒரு தெளிவு அங்கேதான் பிறந்தது. ஆங்கிலேயத் திறனாய்வாளர் ஒரு கவிதையைச் சிறந்தது என்றால், தமக்கு அவ்வாறு தோன்றாதபோதும் தலையசைத்து அதையே மாணவர்க்குச் சொல்லி வந்தமையே தம் வெறுமைக்குக் காரணம் என உணர்ந்தார். பிறர் கருத்தைக் கடன்வாங்கிச் சுமக்காமல், தம் கண்ணாலும் தம் மரபின் வழியாலும் ஆங்கில இலக்கியத்தை நோக்குவது என உறுதிகொண்டார். மொழியாசிரியர் ஒருவர்க்கு இதனினும் பெரிய பயிற்சி வேறில்லை.

டோக்கியோ வகுப்பறைகள்

1903 ஜனவரியில் நாடு திரும்பி, ஏப்ரலில் முதலாம் உயர்பள்ளியிலும் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்திலும் ஒருசேரப் பணியேற்றார். பல்கலைக்கழகத்தில் அவர்க்கு முன் கற்பித்தவர் லஃப்காடியோ ஹெர்ன். அவருடைய உருக்கமான விரிவுரைகளில் திளைத்திருந்த மாணவர்க்கு, ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ நாவலைப் படிக்கச் சொல்லி ஒலிப்பையும் இலக்கணத்தையும் திருத்திய புதிய ஆசிரியர் கசந்தார். பள்ளிச் சிறுவர் போல நடத்தப்படுகிறோம் என்று முணுமுணுத்தனர். டிக்சனைக் குறைகூறியவரே டிக்சனைப் போல நின்றது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், உயர்ந்த கருத்துகளில் மிதக்கும் மாணவர்க்குக் கையிலுள்ள வரியைப் பிழையறப் படிக்கத் தெரியவில்லை என்பதே அவர் கண்ட உண்மை. அவ்வாண்டின் இலையுதிர் பருவத்தில் ‘மாக்பெத்’ நடத்தத் தொடங்கியதும் அரங்கு நிரம்பி வழிந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு துயரம் நேர்ந்தது. முதலாம் உயர்பள்ளி மாணவர் ஃபுஜிமுரா மிசாவோ, வாழ்வின் பொருளை அறியவியலாது என்று மரத்தில் எழுதிவைத்துவிட்டு அருவியில் உயிர்நீத்தார். பாடத்தைப் படித்து வராமைக்காகச் சில நாட்களுக்கு முன் சோசெகி அவரைக் கண்டித்திருந்தார். அம்மாணவரின் முடிவிற்கு அக்கண்டிப்பு காரணம் என்று சொல்ல எவ்வகைச் சான்றுமில்லை. எனினும் ஆசிரியர் உள்ளம் கலங்கிற்று. வகுப்பில் அன்றாடம் சொல்லப்படும் ஒரு கடுஞ்சொல், கேட்பவர் நெஞ்சின் எந்நிலையில் சென்று விழுகிறது என்பதை எந்த ஆசிரியரும் அறியார்.

நரம்புத் தளர்ச்சியும் பணிச்சுமையும் வருத்திய இக்காலத்தில், நண்பர் தூண்டுதலால் 1904-இன் இறுதியில் ‘நான் ஒரு பூனை’யை எழுதத் தொடங்கினார். அதில் வரும் பூனையின் எசமானரும் ஓர் ஆங்கில ஆசிரியரே. 1907-இல் பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, ‘அசாஹி’ நாளிதழின் எழுத்தாளரானார்.

குறைந்தது ஏன்?

வகுப்பறையை விட்ட நான்கு ஆண்டுகளின் பின், 1911-இல், மாணவர் இதழொன்றில் மொழிக்கல்வி பற்றிய தம் கருத்தை அவர் வெளியிட்டார். முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டால் மாணவரின் ஆங்கிலம் தாழ்ந்துவிட்டது என்பதை அவர் மறுக்கவில்லை. காரணத்தை மட்டும் வேறிடத்தில் கண்டார். தம் காலத்தில் எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் இருந்தமையால், மாணவன் நாள் முழுதும் ஆங்கிலத்தில் மூழ்கியிருந்தான். அவன் திறம்பெற்றது வியப்பன்று. 1890-களில் இனோவே கொவாஷி கல்வியமைச்சராக இருந்தபோது, ஆங்கிலம் தவிர்த்த பாடங்களை இயன்றவரை ஜப்பானிய மொழியில் கற்பிக்கும் கொள்கை வலுப்பெற்றது. பாடநூல்கள் தாய்மொழியில் வந்தன. கற்பிக்கத்தக்க ஜப்பானிய அறிஞரும் பெருகினர். எனவே ஆங்கிலத்தின் இடம் வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கியது. ஆகவே ஆங்கிலம் குறைந்தமை கல்வி தாழ்ந்ததன் அடையாளமன்று. நாட்டின் கல்வி தன் காலில் நிற்கத் தொடங்கியதன் இயல்பான விளைவு என்பதே அவர் முடிவு.

இவ்விடத்தில் அவர் நம் நாட்டை நினைத்தார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்பது, இங்கிலாந்திற்கு அடிமைப்பட்ட இந்தியாவை நினைவூட்டும் ஒருவகை இழிவு என்று கருதினார். தன்னாட்டுத் தன்மையை ஆங்கில அறிவிற்கு விலையாகக் கொடுக்கலாகாது என்பது அவர் நிலை. அவர் அதனை எழுதிய ஆண்டில் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் வரலாறும் கணிதமும் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டு வந்தன. நம்மைப் பற்றிய இக்கூற்று நமக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதில் உண்மை இருந்தது.

இவ்வளவு சொல்லிய பின்னும் ஆசிரியர்க்கு அவர் விடுதலை தரவில்லை. பாடவேளைகளை மீண்டும் கூட்டுதல் இயலாது. ஆகவே இருக்கும் வேளைகளைச் செம்மையாகப் பயன்படுத்த வேண்டும் என்றார். ஆசிரியர் தரம் உயர வேண்டும். மாணவர் அறிவுநிலைக்கும் தேவைக்கும் ஏற்ற சொற்களைத் தேர்ந்து பாடநூல் அமைக்க வேண்டும். இலக்கணம், மொழிபெயர்ப்பு, உரையாடல் என்பன ஒன்றோடொன்று தொடர்பின்றி நிற்றல் கூடாது. ‘ஸ்கெட்ச் புக்’கை வரிவரியாகப் பிரித்துக் காட்டிய பழைய ஆசிரியரின் அனுபவம் இக்கருத்துகளின் பின்னே நிற்கிறது.

தாய்மொழிவழிக் கல்வியைப் போற்றுவோர் ஆங்கிலத்தை இகழ்வதும், ஆங்கிலத்தைப் போற்றுவோர் தாய்மொழிவழிக் கல்வியைக் குறைகூறுவதும் நாம் காணும் வழக்கம். சோசெகியிடம் இவ்விரண்டும் இல்லை. ஆங்கிலத்தைத் தனிப்பாடமாக, ஆனால் செம்மையாகக் கற்பிக்க வேண்டும். அறிவைத் தாய்மொழியில் வழங்க வேண்டும். முன்னதன் குறையைக் காட்டிப் பின்னதைக் கைவிடலாகாது. இதனைச் சொன்னவர் ஆங்கிலம் அறியாத மொழிப்பற்றாளர் அல்லர், ஷேக்ஸ்பியரை நடத்தி அரங்கை நிரப்பியவர் என்பதே இக்கருத்திற்கு வலிமை.

நிறைவாக

அதே 1911 பிப்ரவரியில் கல்வி அமைச்சகம் அவர்க்கு இலக்கிய முனைவர் பட்டம் வழங்கியது. மருத்துவமனையில் இருந்த சோசெகி அதனை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். வழங்கிய பட்டத்தைத் திரும்பப் பெற இயலாது என்றது அமைச்சகம். விருப்பம் கேளாமல் தருவதைப் பெற இயலாது என்றார் அவர். வழங்கியதாக அரசும் பெறவில்லையென அவரும் கருத, செய்தி அவ்வளவில் நின்றது. பட்டம் பெற்றோர்க்கே கல்வி உரியது என்ற எண்ணம் பரவிவிடும் என அவர் அஞ்சினார். முனைவர் பட்டத்தைப் பெயரின் முன்னே தாங்கி நிற்கும் எம்போன்றோர் அந்த அச்சத்தை எண்ணிப் பார்த்தல் தகும்.

வயிற்றுப்புண் நோய் முற்றி, ஒரு நாவல் முடிவுறாத நிலையில், 1916 டிசம்பர் 9-ஆம் நாள் தம் நாற்பத்தொன்பதாம் வயதில் சோசெகி மறைந்தார். இறுதி நாட்களில் அருகிருந்து மருத்துவம் பார்த்தவர் மனபெ கஜிரோ. மத்சுயாமா வகுப்பில் அகராதியோடு எழுந்து நின்ற அதே மாணவர். ஆசிரியப் பணியைச் சோசெகி மனமுவந்து விரும்பியதாகச் சொல்ல முடியாது. அதிலிருந்து விடுபட்டபோது மகிழவே செய்தார். விரும்பாத பணியையும் அவர் பிழையறச் செய்தார் என்பதற்கு அம்மருத்துவரும் தெராதாவும் சான்றாக நிற்கின்றனர்.